அம்மா கலந்து தந்த அந்த இரவுப் பால்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் படுக்கப்போகும் முன் அம்மா கலந்து தந்த மால்ட் பாலை (முளைகட்டிய பார்லித் தூள் கலந்த பாலை), நாற்பது வயதில் மீண்டும் குடிக்க ஆசைப்பட்டு, அதே பெயருள்ள மாவை வாங்கிக் கலந்திருக்கிறீர்கள். அந்தச் சுவை வரவில்லை, தூக்கமும் வரவில்லை. இந்தப் பானங்களுக்கு உண்மையிலேயே தூக்கம் தரும் குணம் உண்டா, அல்லது எல்லாம் விளம்பரத்தின் வேலையா, பழைய சுவையைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

மருத்துவமனை ஒன்றின் உணவுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குப் பால் வண்டி வார்டுக்குள் நுழையும். அந்தச் சக்கரத்தின் கிறீச்சென்ற ஒலி கேட்டதும், அதுவரை புரண்டுகொண்டிருந்தவர்கள் எழுந்து தலையணையைச் சரிசெய்துகொள்வார்கள். சிலர் இரண்டு வாய்தான் குடிப்பார்கள். சிலர் குடிக்கவே மாட்டார்கள், கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆறியதும் திருப்பித் தந்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதியை நான் அங்கேதான் கற்றேன்.

இந்தப் பானங்களின் பிறப்பே நோயாளியின் கட்டிலருகில்தான் நடந்தது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் என்ற சகோதரர்கள் 1873-இல் சிகாகோவில் தொழில் தொடங்கினார்கள். பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ரசீன் என்ற ஊருக்கு மாறினார்கள். ஜேம்ஸ் மருந்தாளர். முளைகட்டிய பார்லி, கோதுமை மாவு, பால் ஆகியவற்றைச் சேர்த்து, நீரை வற்றவைத்துத் தூளாக்கும் முறைக்கு 1883-இல் காப்புரிமை கிடைத்தது. நகரங்களில் கெடாத பால் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. கைக்குழந்தைக்கும், எதையும் செரிக்க முடியாமல் படுத்திருப்பவருக்கும் வெந்நீரில் கலந்து கொடுத்தாலே போதும் என்பதுதான் அதன் பெருமை. பாலே ஏற்கெனவே தூளுக்குள் இருந்ததால் தனியாகப் பால் தேவைப்படவில்லை. உங்கள் அம்மாவும் என் அம்மாவும் அதைப் பாலில் கலந்தது பின்னால் வந்த வழக்கம்.

சுவிட்சர்லாந்திலும் இதே கதைதான். பெர்ன் நகரில் கியோர்க் வாண்டர் என்ற வேதியியலாளர் 1865-இல் மால்ட் சாறு தயாரிக்கத் தொடங்கினார். அவர் மகன் ஆல்பர்ட் அதில் பால், முட்டை, கோகோ ஆகியவற்றைச் சேர்த்து 1904-இல் ஓவோமால்டைன் என்ற பெயரில் கொண்டுவந்தார். பெயரில் உள்ள 'ஓவோ' முட்டையைக் குறிக்கும். பிற்காலத்தில் பல நாடுகளின் தயாரிப்பில் முட்டை விடப்பட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதுவும் முதலில் உடல் தேறுவதற்கான சத்துப்பொருளாகத்தான் விற்றது. பிரிட்டனுக்குப் போனபோது அதன் பெயர் ஓவல்டின் என்று சுருங்கியது.

பிரிட்டனில் ஓவல்டின் படுக்கைநேரப் பானம். சுவிட்சர்லாந்திலோ அதே பொருள் காலை உணவோடும் பனிச்சறுக்கு விளையாட்டோடும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 1934-இல் தாமஸ் மேய்ன் உருவாக்கிய மைலோவுக்குப் பண்டைக் கிரேக்க மல்யுத்த வீரன் குரோட்டனின் மைலோவின் பெயர் வைக்கப்பட்டது. அதுவும் மால்ட், பால், கோகோதான், ஆனால் பகலில் ஓடியாட வலிமை தரும் பானமாக விற்றது. ஏறக்குறைய ஒரே பொருள் ஓர் ஊரில் எழுப்பிவிடுகிறது, இன்னோர் ஊரில் தூங்கவைக்கிறது என்றால், தூக்கம் தூளுக்குள் இல்லை என்பது தெளிவு. நான் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தபோது முதலில் இதைத்தான் சொல்வேன்.

அப்படியென்றால் தூக்கத்தோடு இதை முடிச்சுப்போட்டது யார்? 1930-களில் பிரிட்டனில் ஹார்லிக்ஸ் நடத்திய விளம்பரத் தொடர் அதில் பெரும் பங்கு வகித்தது. 'இரவுப் பட்டினி' என்று பொருள்படும் ஒரு சொல்லை அதற்காகவே உருவாக்கினார்கள். தூங்கும்போதும் இதயம் துடிக்கிறது, நுரையீரல் இயங்குகிறது, அதனால் உடல் பட்டினி கிடக்கிறது, அதனால்தான் காலையில் களைப்போடு எழுகிறீர்கள் என்று அந்த விளம்பரங்கள் கூறின. இதயம் துடிப்பது உண்மை, பட்டினி பொய். நன்றாகச் சாப்பிட்ட ஒருவருக்குக் கல்லீரலில் உள்ள கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை ஓரிரவுக்குத் தாராளமாகப் போதும். அப்படி ஒரு நோய் மருத்துவத்தில் கிடையாது. ஆனால் அந்த விளம்பரம் ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு குறிப்பிட்ட மணியில் அடுப்பு மூட்டப்பட்டது, கோப்பைகள் எடுக்கப்பட்டன, விளக்கு அணைவதற்கு முந்தைய அரைமணி நேரத்திற்கு ஒரு வாசனை கிடைத்தது. அந்த வழக்கம் நல்ல வழக்கம். அதற்குச் சொன்ன காரணம் தவறு என்பதற்காக அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

பாலில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அது மூளையில் செரட்டோனினாகவும் பிறகு தூக்கத்துக்கான ஹார்மோனான மெலட்டோனினாகவும் மாறுகிறது, அதனால் தூக்கம் வருகிறது என்று நீங்களும் படித்திருப்பீர்கள். வேதியியல் சரிதான். அளவில்தான் இடிக்கிறது. ஒரு கோப்பைப் பாலில் இருக்கும் டிரிப்டோபேன் நூறு மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். தூக்கத்தின் மீது விளைவு தெரிந்த பரிசோதனைகளில் தனியாகப் பிரித்தெடுத்த டிரிப்டோபேனை ஒரு கிராம் அளவில் கொடுத்தார்கள். மேலும், பாலில் அது தனியாக வருவதில்லை. மூளைக்குள் நுழையும் அதே வாசலில் வேறு பல அமினோ அமிலங்களும் முண்டியடிக்கின்றன, எண்ணிக்கையில் அவைதான் அதிகம். எனவே சூடான பால் தூக்கமருந்து என்று யாராவது சொன்னால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

ஆனாலும் ஏதோ நடக்கிறது. 1970-களில் எடின்பரோவில் தூக்க ஆய்வாளர்கள் இதே மால்ட் பாலைக் குடித்தவர்களின் உறக்கத்தை ஆய்வகத்தில் பதிவுசெய்தார்கள். இரவின் பிற்பகுதியில் விழிப்பும் புரளலும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மூத்த வயதினரிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே குழுவைச் சேர்ந்த கிர்ஸ்டின் ஆடம் இன்னொரு கேள்வியை எழுப்பினார். இவர்கள் வீட்டில் வழக்கமாக இரவு என்ன செய்பவர்கள் என்று பார்த்தார். படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டோ குடித்தோ பழகியவர்களுக்குப் பானம் நல்ல தூக்கம் தந்தது. அந்தப் பழக்கமே இல்லாதவர்கள், சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை உறையை விழுங்கிய இரவில்தான் நன்றாகத் தூங்கினார்கள். 1980-இல் வெளிவந்த முடிவு இது. நான் படித்தவற்றில் இந்தத் துறையின் மிக முக்கியமான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். பால் வண்டியின் சக்கர ஒலிக்கே தலையணையைச் சரிசெய்துகொண்ட அந்த நோயாளிகளை எனக்கு விளக்கிச் சொன்னது இந்தச் சிறிய ஆய்வு.

ஆக, முப்பது ஆண்டுகள் இடைவெளிவிட்டு ஒரே ஓர் இரவு குடித்துப் பார்த்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று சொல்கிறீர்கள். வராதுதான். சிறுவயதில் அந்தப் பால் ஆயிரக்கணக்கான இரவுகள் அதே நேரத்தில், அதே வரிசையில் வந்தது. பால், பல் துலக்கல், விளக்கு, போர்வை. உடல் அந்த வரிசையைப் படித்து வைத்திருந்தது. முதல் வாய் உள்ளே போனதும் அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும். அந்தப் படிப்பை மறுபடி கொடுக்கச் சில வாரங்களாவது பிடிக்கும்.

சூட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உறக்கம் நெருங்கும்போது உடலின் உட்சூடு மெல்லக் குறையும். அதற்காகக் கை, கால்களின் தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே விடும். கையும் காலும் வெதுவெதுப்பாக இருப்பவர்கள் விரைவில் தூங்கிவிடுகிறார்கள் என்பது 1999-இலேயே காட்டப்பட்டிருக்கிறது. கோப்பையைப் பிடித்திருக்கும் சில நிமிடங்கள் அந்த அளவுக்குப் போதுமா என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சூடான பானத்தை வேகமாகக் குடிக்க முடியாது. ஊத வேண்டும், காத்திருக்க வேண்டும், மூச்சு நீள வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடங்கள் வேறு எதையும் கையில் எடுக்க முடியாது. அதன் பலனை எந்த ஆய்வும் இல்லாமலே நீங்கள் உணரலாம்.

இனி சுவைக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில், உங்கள் நாக்கு மாறிவிட்டது. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக இனிப்புப் பிடிக்கும். வளரும் பருவத்தில் அது இறங்கிவிடும். அதனால் பழைய அளவிலேயே கலந்தால் இன்று திகட்டும். இரண்டாவதாக, கோப்பை மாறவில்லை, உங்கள் கை பெரிதாகிவிட்டது. மூன்றாவதுதான் முக்கியம்: பாலைக் காய்ச்சும் விதம்.

அம்மா பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டிருப்பார். ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பாலின் மோர்ப்புரதம் பிரிந்து, கந்தகம் கலந்த மெல்லிய மணம் ஒன்றை வெளிவிடும். 'காய்ச்சிய பால் வாசனை' என்று நாம் சொல்வது அதைத்தான். பாத்திரத்தின் அடியில் பாலின் சர்க்கரையும் புரதமும் லேசாகப் பொன்னிறமாகிச் சேர்க்கும் மணம் தனி. நீங்களோ மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம் வைத்து எடுத்திருப்பீர்கள். மேலே கொதித்து, நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும் பால் அது. கொழுப்பு நீக்கிய பாலாகவும் இருந்திருக்கலாம். மால்ட்டின் மணப்பொருட்களில் பல கொழுப்பில் கரைபவை. கொழுப்பு இல்லாவிட்டால் மணம் வாயில் தங்காது, இனிப்பு மட்டும் மிஞ்சும்.

மால்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் கலப்பது எளிதாகும். பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்தால், தானியத்துக்குள் அமிலேஸ் என்ற நொதி பெருகும். அது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும். முளை வளர்ந்துவிடாமல் சூட்டில் உலர்த்தும்போது அந்தச் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து, ரொட்டியின் மேல்தோல் வாசனைபோன்ற ஒரு மணம் உண்டாகும். மால்டோஸின் இனிப்பு சாதாரணச் சர்க்கரையின் இனிப்பில் பாதிக்கும் குறைவு. அதனால்தான் நல்ல மால்ட் பாலுக்கு உரத்த இனிப்பு இருக்காது, தானியத்தின் உருண்ட இனிப்பு இருக்கும். டப்பாவின் பின்புறம் பொருள் பட்டியலைப் பாருங்கள். மால்ட்டுக்கு முன்னால் சர்க்கரை நின்றால், நீங்கள் தேடும் சுவை அதில் பாதிதான் இருக்கும். ஒரே பெயரில் வரும் தூள்கூட நாட்டுக்கு நாடு வேறு கலவையில் செய்யப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்முறை இது. கோப்பையில் 20 கிராம் அளவு தூள், அதாவது மேடாக இரண்டு மூன்று தேக்கரண்டி போடுங்கள். கடுகளவு உப்பு சேருங்கள். இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீர் மட்டும் விட்டு, கட்டியில்லாத பசையாகும் வரை குழையுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்க்க வேண்டாம். உலர்ந்த தூளின் மேல் கொதிக்கும் பாலை ஊற்றினால், ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் உடனே பசைபிடித்து மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் உடையாது. இதற்கிடையில் 180 மில்லிலிட்டர் முழுக்கொழுப்புப் பாலை அடி கனமான பாத்திரத்தில், குறைந்த தணலில், கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறிக் காய்ச்சுங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் வந்து, பால் ஒருமுறை எழும்பியதும் இறக்கிவிடுங்கள். அரை நிமிடம் பொறுத்து, கொஞ்சம் உயரத்திலிருந்து பசையின் மேல் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். நுரை எழும். அந்த நுரைக்கு அழகைத் தாண்டிய பயன் உண்டு: மேற்பரப்பு காற்றில் உலராமல் காத்து, ஆடை படிவதைத் தாமதப்படுத்தும்.

ஆடை பிடிக்கும், பிடிக்காது என்பது ஒவ்வொருவர் விருப்பம். சூட்டில் விரிந்த புரதமும் கொழுப்பும் மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது ஒன்றோடொன்று பிணைந்து படலமாவதுதான் ஆடை. பால் பொங்கி வழிவதற்கும் அதே படலம்தான் காரணம், அடியிலிருந்து எழும் ஆவியை அது மூடிப்பிடித்துத் தூக்கிவிடுகிறது. எனக்கு ஆடை வேண்டும். என் அக்காவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. சிறுவயதில் அவளுடைய ஆடை எப்போதும் என் கோப்பைக்கு வந்துவிடும்.

கலந்த உடனே குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக அநேகமாக இருக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. தேநீரோ காபியோ பாலோ என்பதில் பேதமில்லை, சூடுதான் கணக்கு. ஐந்து நிமிடம் காத்திருந்தால் சுவையும் கூடுதலாகத் தெரியும்.

குடிக்கும் முன் ஒருமுறை ஆழ்ந்து முகர்ந்து பாருங்கள். மற்றப் புலன்களின் செய்திகள் தாலமஸ் என்ற நிலையத்தைக் கடந்துதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். மணம் மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேரும். ஒரு மணத்தைப் பிடித்த உடனே, எந்த வருடம், எந்த அறை என்று சொல்லத் தெரியாமலேயே கண் கலங்குவது அதனால்தான். பக்கவாதத்தால் பேச்சு இழந்த ஒரு மூதாட்டி எங்கள் வார்டில் இருந்தார். மால்ட் பால் கோப்பையை மூக்கருகில் கொண்டுபோனபோது, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் இடது கையை மெல்ல ஆட்டத் தொடங்கினார். யாரைத் தாலாட்டினார் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு அரைமணி முன்னதாகவே பால் அனுப்பச் சொன்னேன்.

மால்ட் ஒத்துவராவிட்டால் கோகோவுக்குப் போகலாம். பால் முழுவதும் எண்ணெய் மிதக்காத சாக்லேட் பானம் சாத்தியமானது, 1828-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற அழுத்தி எந்திரத்தால்தான். கோகோ விழுதில் பாதிக்கு மேலிருந்த கொழுப்பைப் பிழிந்து ஏறக்குறைய கால்பங்காக்கினார்கள், மிஞ்சிய கட்டியைத் தூளாக்கினார்கள். புளிப்பை அடக்கும் காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது) சேர்த்துப் பதப்படுத்தும் முறையும் அவர்களிடமிருந்து வந்ததே. அப்படிப் பதப்படுத்திய தூள் கறுத்து, புளிப்பு அடங்கி, மென்மையாக இருக்கும். படுக்கைநேரத்துக்கு அதுவே நல்லது. பிரிட்டிஷ் கடற்படையில் இரவுக் காவலில் நின்றவர்களுக்கு, சாக்லேட் கட்டியைச் சீவி வெந்நீரில் கரைத்த கெட்டியான கோகோ விழித்திருக்கத் துணையாக இருந்தது. தூக்கம் தூளில் இல்லை என்பதற்கு இன்னுமொரு சாட்சி. ஒரு மேசைக்கரண்டி கோகோத் தூளில் காஃபீன் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்தான். ஒரு கோப்பைக் காபியில் அதைப்போல் ஏழெட்டு மடங்கு இருக்கும். பெரும்பாலோருக்கு இது பொருட்டில்லை. மிக நுட்பமான தூக்கம் உள்ளவர்கள் மட்டும் தவிர்க்கலாம்.

காபியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரமாகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கத்தை இழந்தார்கள் என்று 2013-இல் வெளியான பரிசோதனை காட்டியது. மாலை ஐந்து மணிக்குக் காபி குடித்துவிட்டு, இரவு பத்துக்குப் பால் வேலைசெய்யவில்லை என்று குறை சொல்வது பாலுக்குச் செய்யும் அநியாயம்.

மூலிகைத் தேநீர்களைப் பற்றிச் சுருக்கமாக. கேமமைல் பூவுக்குத் தூக்கச் சான்று மெலிதுதான், ஆனால் மணம் இதமானது, காஃபீன் இல்லை. மூடி போட்டு ஐந்தாறு நிமிடம் ஊறவிடுங்கள், திறந்து வைத்தால் மணம் காற்றோடு போய்விடும். புதினா, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இரவில் வேண்டாம், உணவுக்குழாயின் கீழ்வாசலை அது தளர்த்திவிடும். அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். பானத்தில் மது சேர்ப்பதை நான் ஆதரிக்கவே மாட்டேன்: கண் சொருகவைக்கும், பின்னிரவில் தூக்கத்தைத் துண்டுதுண்டாக்கிவிடும்.

நீரிழிவு இருந்தால் மால்ட் தூளின் அளவைக் குறித்து உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். மால்டோஸ் இனிப்பில் மென்மையானது, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் மென்மையானதில்லை. பால் செரிக்காதவர்கள், பால் சேராத மால்ட் தூளை ஓட்ஸ் பாலில் கலந்து பார்க்கலாம், தானியத்தோடு தானியம் இசைந்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தப் பானத்திலும் தேன் கலக்கவே கூடாது.

இன்றிலிருந்து ஒரு மணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக இருக்கட்டும், நடு இரவில் எழுந்து போகவேண்டியிருக்காது. குடித்த பிறகு பல் துலக்குங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடும். மூன்று வாரம் ஒரு நாளும் விடாமல் செய்து பாருங்கள். அதன் பிறகும் தூக்கம் வராமல் பகலில் சோர்ந்துபோனால், மருத்துவரைப் பாருங்கள், தூக்கமின்மைக்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன.

அம்மா இன்னும் உடனிருந்தால், இந்த முறை நீங்கள் கலந்து கொடுங்கள். எவ்வளவு தூள், எவ்வளவு சர்க்கரை போட்டார் என்று கேட்டால் அவருக்கு நினைவிருக்காது. கையில் கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள், கை சரியாகப் போடும். அதைக் கிராமில் நிறுத்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.